எண்பத்தேழில் ஒரு பங்கு

தாதர் மேற்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபம்.
சனிக்கிழமை ஆறரைக்கு, மழை விட்ட நேரம் பார்த்து
டெம்போவிலிருந்து பதினோரு பலகைகள் இறங்கின.
பெஸ்டன்ஜியின் பலகையில் மலைக்கணவாய்.
கார்க்கானிஸின் பலகையில் உப்பளமும் ஒரு ஃபிளமிங்கோவும்
(ஒன்றுதான். மற்றவை ஒட்டும்போது கால் ஒடிந்தன.)
என் பலகையில்
சயான் முதல் குர்லா வரை.

அவரவர் வீட்டில் போட்ட தண்டவாளங்கள்
இங்கேதான் முதன்முதலாகச் சந்திக்கின்றன.
ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலும் சக்கரம் ஏறாது.
சொத்தைப் பல்லை நாக்கு தேடுவதுபோல
மூட்டு மூட்டாக விரலால் தடவிப் போவார் பெஸ்டன்ஜி.

சங்கத்தில் நான் மனிதர்களுக்குப் பொறுப்பு.
ஜெர்மனியிலிருந்து வருவார்கள்,
சுண்டுவிரலின் முதல் கணு உயரம்.
எல்லோருக்கும் தொப்பி, கையில் பெட்டி,
பக்கத்து ஆள்மேல் படாமல் நிற்கப் பழகியவர்கள்.
ஏழு மாதம் ஆயிற்று அவர்களைப் பம்பாய்க்காரர்களாக்க.
தொப்பிகளைச் சீவினேன்.
பெட்டிகளை அறுத்து, முதுகுப்பையாக்கி
மார்பில் ஒட்டினேன்.
ஊசியைச் சூடாக்கித் தோளை இளக்கி
ஒவ்வொரு கையாகக் கைப்பிடிக்குத் தூக்கினேன்.
நிஜக் கணக்குப்படி பெட்டிக்கு நானூறு பேர்.
நூற்றுப்பத்தாவது ஆளிலேயே மோட்டார் சூடேறி நாறியது.
ஆளைக் குறை என்றார் கார்க்கானிஸ்.
பெட்டியைக் குறைத்தேன். பன்னிரண்டுக்கு நாலு.

பத்து மணிக்குக் கதவு திறந்தது.
கயிற்றுக்கு மேலாக விரல்கள், செல்போன்கள், ஒரு வடாபாவ்.
ஒரு பையன் கேட்டான்: ஃபாஸ்டா, ஸ்லோவா?
ஸ்லோ என்றேன்.
மலைப்பக்கம் போய்விட்டான்.

மூன்று மணிக்கு வானம் சரிந்தது.
துணியில் நானே தீட்டிய ஜூலை மேகம்
ஒட்டுநாடா ஈரத்தில் விட்டுப்போய்
குர்லாவின்மேல் குப்புறப் படுத்தது.
லோக்கல் அதற்குள் நுழைந்து நின்றுவிட்டது.
ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

நான் தமிழில் யாரையோ திட்டியிருக்க வேண்டும்.
"டஜன் இருபது ரூவா" என்றது தமிழிலேயே ஒரு குரல்.
தோளில் அட்டை, அட்டை நிறையத் தலைக்கிளிப்பு,
சேலை நுனி நனைந்திருந்தது.
சிவப்பும் ஊதாவுமாகப் பன்னிரண்டு கிளிப்புகள்
மேகத்தைக் கம்பியோடு கவ்விக்கொண்டன.

காசை வாங்கிய பிறகும் அவள் போகவில்லை.
குனிந்தாள். லேடீஸ் பெட்டியின் பட்டையைப் பார்த்தாள்,
ஜன்னல் ஜன்னலாக ஆட்களைப் பார்த்தாள்.
"எல்லாம் ஏர்ற ஆளுங்களாவே இருக்கு.
எறங்கறவ எங்க?"

நூற்றுப்பத்து முகம்.
எல்லாம் உள்ளே பார்த்தபடி.

"குர்லால எறங்கணும்னா
சயான் வரும்போதே எந்திரிச்சு வாசலுக்கு வந்துரணும்.
இல்லாட்டி வித்யாவிஹார்தான்."
போய்விட்டாள். வெளியே மழை வலுத்திருந்தது.

சாமணத்தால் ஒருத்தியைப் பிடித்து இழுத்தேன்.
நீலச் சல்வார். பசை விடவில்லை,
ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.
வாசலில், வெளியே பார்க்க, நிறுத்தினேன்.

அப்புறம்தான் தெரிந்தது
இயக்குகிற பிரபாகர் ஷெட்டி குர்லாவில் நிறுத்துவதே இல்லை.
சொன்னேன்.
"ஜனங்களுக்கு ஓட்டம்தான் பிடிக்கும்" என்றார்.
கணவாய், உப்பளம், சயான், குர்லா.
கணவாய், உப்பளம், சயான், குர்லா.
ஒற்றைச் செருப்போடு வாசலிலேயே நின்றாள்,
முப்பது சுற்றுக்குமேல் நான் எண்ணவில்லை.

ஐந்தரைக்கு ஷெட்டி டீ குடிக்கப் போனார்.
குமிழ் என் கைக்கு வந்தது.
சயான் தாண்டியதும் மெல்லத் திருகினேன்,
முதல் பெட்டி, இரண்டாவது,
அவள் வாசல் நடைமேடைக்கு நேராக வந்ததும்
நிறுத்தினேன்.

இருபது விநாடி.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள்,
என்ன, பழுதா?
ஸ்டேஷன் என்றேன்.